இடப்பக்கம் இழுக்கும் வண்டி

வண்டியை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா என்ற பேச்சு அந்த வீட்டில் மழைக்கு முன்னால் தொடங்கி, மழை வலுத்த பிறகும் ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. பிரேக்கைப் பற்றி, துருவைப் பற்றி, அது குடிக்கிற பெட்ரோலைப் பற்றி என்று நாலு பேரும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். அந்த நாலு பேரில் மூன்று பேருக்குத் தெரியும், பேச்சு வண்டியைப் பற்றியதே இல்லை என்று. தெரியாதவர் அப்பா ஒருவர்தான்.

வாங்கும்போதே பழைய கார் அது. ஒரு பல் டாக்டர் ஓட்டி அலுத்துப்போய் விற்றது. மகள் அப்போது பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது அவள் பகலில் பெயின்ட் கடையில் வண்ணம் கலக்கும் மெஷினுக்கு முன்னால் நிற்கிறாள், சாயங்காலம் கட்டட வரைபட வகுப்புக்குப் போகிறாள். வண்டி மட்டும் அதே சாம்பல் நிறத்தில், அதே இடத்தில், வீட்டுக்குக் கீழே தகரக் கூரைக்கடியில் நிற்கிறது. ஓடின தூரம் மீட்டரில் ரெண்டே முக்கால் லட்சத்தைத் தாண்டிவிட்டது.

"நிலாவுக்குப் போற வழியில முக்கால்வாசி வந்தாச்சு" என்பார் அப்பா.

"போயிடுவீங்க. திரும்பி வர பெட்ரோல் எங்க போடுவீங்க?" என்பாள் அம்மா.

அம்மா அந்த வண்டிக்கு வைத்த பெயர் சக்களத்தி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா பக்கெட்டும் துணியுமாகக் கீழே போய்விட்டால், "சக்களத்தி குளிச்சு முடிச்சாளா? முடிச்சா எனக்கும் கொஞ்சம் தண்ணி வைக்கச் சொல்லு" என்று மாடியிலிருந்து குரல் வரும். அதில் கோபம் இருக்காது. அவரைக் கேலி செய்ய அந்த வீட்டில் அனுமதிக்கப்பட்ட ஒரே வழி அது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு பொருள் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. அதில் எது கெட்டது என்று கேட்பார். பழுதுபார்த்த லிஃப்ட்டில் முதலில் தான் மட்டும் ஏறி, உச்சி வரைக்கும் போய் இறங்கி வந்த பிறகுதான் மற்றவர்களை ஏறவிடுவார். காரணம் தெரியாமல் தானாகச் சரியான லிஃப்ட்டை அவர் திறந்துவிட்டதே இல்லை. அதற்காக மேலதிகாரிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

வெளிக் கதவுத் தூணில் வண்டி இரண்டாவது தடவை உரசியபோது அவரேதான் தன் மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டும் என்றார். மகள் கண் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனாள். வெள்ளைக் கிண்ணம் மாதிரியான ஒரு கருவிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். பிறகு அப்பாவின் கண்ணில் மருந்து விட்டு வெளியே உட்காரவைத்துவிட்டு, டாக்டர் மகளைக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார். அதில் இடது பாதி மைக்கூடு கவிழ்ந்த மாதிரி கறுப்பாக இருந்தது.

"ரெண்டு கண்ணுலயும் ஓரம் குறைஞ்சிருக்கு. இடது பக்கம் ரொம்ப மோசம். நேராப் பார்க்கறது நல்லா இருக்கிறதால அவருக்கே தெரியலை. போனது திரும்ப வராது. சொட்டு மருந்தை விடாம போட்டா மிச்சம் நிக்கும்" என்றார் டாக்டர். பிறகு, "வண்டி ஓட்டறாரா?" என்று கேட்டார்.

"ஓட்டறார்."

"இனிமே கூடாது. நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் அப்பா மூடிய கண்களில் பஞ்சை வைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலிக்காரரிடம் இந்தக் கட்டடத்து லிஃப்ட் ஏன் நிற்கும்போது குலுங்குகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"நானே சொல்லிக்கறேன் டாக்டர்" என்றாள் மகள்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவள் பிறகு பலமுறை யோசித்தாள். அவள் எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிறவள். கடையில் ஒரு டப்பா வண்ணத்தைக் கலக்கி மூடி போட்ட பிறகும், எண்ணைச் சரியாகத்தான் அழுத்தினோமா என்று திரும்பப் போய்ப் பார்ப்பாள். அப்பாவிடம் சொல்ல வேண்டியதையும் அப்படித்தான் மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்தாள். 'அப்பா, டாக்டர் ஒண்ணு சொன்னார்' என்று தொடங்கினால் பயந்துவிடுவார். 'கொஞ்ச நாளைக்கு ஓட்ட வேண்டாம்' என்றால் அது பொய். முதல் வாக்கியம் அமையவே இல்லை. அமையாததால் அவள் அம்மாவிடமும் அண்ணனிடமும் சொன்னாள். சொட்டு மருந்தை மட்டும், கண் உலராமல் இருக்க என்று சொல்லி அம்மா தினமும் விட்டாள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த வீட்டில் ஆடுகிறவள் சொல்ல மாட்டாள், சுற்றி இருக்கிறவர்கள் சொல்வார்கள். அண்ணன் பரீட்சையில் தோற்றபோது கல்லூரி சரியில்லை என்றார்கள். அம்மா படியில் வழுக்கி விழுந்தபோது செருப்பைத் தூக்கிப் போட்டார்கள். ஆள் மேல் குற்றம் சொல்லி யாரும் யார் மனசையும் நோகடித்ததில்லை. அவர்கள் அதை அன்பு என்றே நினைத்திருந்தார்கள், பெரும்பாலும் அது அன்பாகவும்தான் இருந்தது.

"உனக்கு ஓட்டத் தெரியலைன்னு அவர் முகத்துக்கு நேரா யார் சொல்றது?" என்றான் அண்ணன். கல்யாணமாகி வேறு வீட்டில் இருக்கிறவன், இதற்காகவே வந்திருந்தான். "வண்டி பழசாயிடுச்சு, கொடுத்துடலாம்னு சொல்லுவோம். வண்டி போயிட்டா ஓட்டறதும் தன்னால போயிடும்."

"அதுவும் சரிதான். மனுஷன் நொந்துக்காம முடிஞ்சிடும்" என்றாள் அம்மா.

மகளுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவர்கள் கணக்கில் எடுக்காமல் விட்டது ஒன்றைத்தான். அப்பா யார் என்பதை.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கும்போது அண்ணன் ஆரம்பித்தான். "அப்பா, வண்டியை எத்தனை நாள்தான் வச்சிருப்பீங்க? போன தடவை நான் ஓட்டினப்போ பிரேக்கே பிடிக்கலை."

"பிடிக்கலையா?" அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "முன்னாடியா, பின்னாடியா?"

"அது... மொத்தமா."

"மொத்தமா பிடிக்கலைன்னா நீ இங்க உக்காந்து டீ குடிச்சிட்டிருக்க மாட்டே. சரி, பார்த்துடலாம்."

அடுத்த வாரம் வண்டிக்குப் புது பிரேக் வந்தது. கிளட்ச் வழுக்குகிறது என்றாள் அம்மா, அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி. "உனக்கு கிளட்ச் எந்தக் கால்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அப்பா கிளட்ச்சையும் மாற்றினார். வைப்பரைச் சொன்னார்கள், அதுவும் மாறியது. சொல்லச் சொல்ல வண்டி இளமையாகிக்கொண்டே வந்தது.

"சக்களத்திக்குச் சீர் செய்யறதுலயே வீடு காலியாயிடும் போல" என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

கடைசியாக அண்ணன் பட்டறைக்காரரைப் பிடித்தான். அவருக்கு ஊரில் ஆகட்டும் என்று பெயர். யார் எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்பார், இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. வண்டியின் அடிச்சட்டம் துருவேறிவிட்டது, இனி பிழைக்காது என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னான். ஆகட்டும் என்றார். சொல்லவும் சொன்னார். அப்பா உடனே விளக்கை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டார். ஓர் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நிஜமாகவே துரு இருந்தது. அதை வெட்டியெடுத்து, தகடு வைத்துப் பற்றவைத்து, மேலே இரண்டு கோட்டிங் கறுப்பு அடித்த பிறகுதான் வீட்டுக்கு வந்தார். "நல்லவேளை சொன்னாரு" என்று அன்று முழுக்கப் பட்டறைக்காரரைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

"நான் என்னம்மா பண்றது?" என்று ஆகட்டும் மகளிடம் போனில் புலம்பினார். "பொய்னு நினைச்சுச் சொன்னேன். போய்ப் பார்த்தா இருக்கு."

இதற்கெல்லாம் நடுவில் அப்பா ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். மகள் வகுப்புக்கு இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். "நான் சும்மாதானே இருக்கேன்" என்று தினமும் கொண்டுபோய் விட்டு, வெளிச்சம் மங்குகிற நேரத்தில் திரும்ப வந்து அழைத்துப்போவார். வேண்டாம் என்று சொல்ல அவளிடம் காரணம் இல்லை. உண்மையான காரணத்தைத் தவிர. அவளுக்கு அது வசதியாகவும் இருந்தது என்பதைத் தனக்குத்தானே ஒத்துக்கொள்ளவே நாளாயிற்று.

அதனால் அவள் இடது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பேசக் கற்றுக்கொண்டாள். 'அப்பா, இடது பக்கம் பாருங்க' என்றால் ஏன் என்று கேட்பார். அதனால், "அந்த சைக்கிள்காரர் எவ்வளவு பெரிய மூட்டை வச்சிருக்கார் பாருங்கப்பா" என்பாள். அவர் தலையைத் திருப்பிப் பார்த்து, "விழுந்துடப் போறான்" என்று வண்டியை ஒதுக்குவார். "அந்த அம்மா குடையில எத்தனை பூ" என்பாள். ஒதுக்குவார். நடைபாதையில் நாய்க்குட்டி வந்தால் அவளுக்கு நாய்க்குட்டி பிடித்துப்போகும், பள்ளிப் பிள்ளைகள் வந்தால் அவர்கள் சீருடை பிடித்துப்போகும். வீடு வந்து சேரும்போது தொண்டை வறண்டு, தோள் இறுகிப்போயிருக்கும். இன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொள்வாள். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றும் நினைத்துக்கொள்வாள்.

ஒரு சாயங்காலம் அவள் பேசவில்லை.

மறுநாள் வகுப்பில் தேர்வு. படிக்கட்டின் உயரத்துக்கும் அகலத்துக்குமான அளவுகள் மனசில் நிற்கவில்லை. தாளை மடியில் வைத்து, கடைகளின் வெளிச்சம் விழும்போதெல்லாம் ஒரு வரி படித்தாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. புது வைப்பர் சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு தையல் கடை தாண்டும்போது 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அவள் பக்கத்துக் கதவின் பக்கவாட்டுக் கண்ணாடி உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது.

அப்பா உடனே நிறுத்தினார். இருவரும் இறங்கி ஓடினார்கள். நடைபாதையை ஒட்டி ஒரு பெண் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தைத்து மடித்த துணிகள் ஈரத் தரையில் சிதறிக் கிடந்தன.

"எங்கேருந்தும்மா வந்தீங்க?" என்றார் அப்பா.

"நான் எங்கேருந்தும் வரலை. இங்கேயேதான் நிக்கறேன்" என்றாள் அவள். "நீங்கதான் என்னைப் பார்த்துக்கிட்டே வந்தீங்க."

அப்பா அவளையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். நேர் சாலை, தெருவிளக்கு எரிகிறது, அவள் உடுத்தியிருந்தது மஞ்சள். எப்படி என்று அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்துவிட்ட மாதிரி முகம் தெளிந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று மகள் மூச்சு விடப்போன நேரத்தில் அவர் சொன்னார்:

"மன்னிச்சுக்கணும்மா. பழைய வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்குது. வீட்டுல எல்லாரும் சொல்லிட்டேதான் இருந்தாங்க, இந்த வண்டி சரியில்லைன்னு. நான்தான் கேக்கலை."

மகள் குனிந்து துணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. டாக்டரிடம் போகலாம் என்று அப்பா எவ்வளவோ கூப்பிட்டும் அந்தப் பெண் வரவில்லை. "கை அசையுது. நீங்க முதல்ல வண்டியைச் சரி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டாள்.

அன்று வீட்டில் அப்பா சாப்பிடவில்லை. மகள் தேர்வுக்குப் படிக்கவில்லை. மறுநாள் அவள் கடையில் நின்றிருந்தபோது, மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆகட்டும் கூப்பிட்டார்.

"அம்மா, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா? உங்க அப்பா காலையிலேருந்து இங்கதான் இருக்காரு. ஸ்டியரிங்ல ஒண்ணும் இல்லைன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாரு. கழட்டிக் காட்டுங்கறாரு. கழட்டினா, மாத்துங்கறாரு. என்னால இதுக்கு மேல முடியாதும்மா. பெரிய மனுஷன் முகத்தைப் பார்க்க முடியலை."

பட்டறை இரண்டு தெரு தள்ளி. அவள் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டு கையில் ஒட்டிய வண்ணத்தோடு அப்படியே போனாள். கழட்டினதையெல்லாம் திரும்ப மாட்டி, வண்டி வாசலில் சக்கரத்தோடு நின்றது. அப்பா ஓட்டுநர் இருக்கையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தார். ஒரே நாளில் கன்னம் ஒட்டிப்போன மாதிரி இருந்தது.

"நீ எதுக்கு வந்தே பாப்பா? கடை இல்லையா?"

"சும்மாதான்ப்பா."

"உக்காரு." பக்கத்து இருக்கையைக் காட்டினார். அவள் சுற்றிப் போய் ஏறிக்கொண்டாள். "எல்லாம் பார்த்தாச்சு. ராடு, புஷ், டயர், ஒண்ணு விடலை. கையை விட்டுட்டு ஓட்டிப் பார்த்தேன், கோடு போட்ட மாதிரி நேராப் போகுது. ஆனா நேத்து இழுத்துதே. இழுக்காம அந்த அம்மா மேல எப்படிப் போகும்?"

அவள் தன் பக்கத்துக் கண்ணாடி வழியாக வாசலைப் பார்த்தாள்.

"கோளாறு எங்கேன்னு தெரிஞ்சா எனக்கு பயம் இல்லை. தெரியலைன்னாத்தான் பயம்." அவர் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தார். "அண்ணன் சொன்னதுதான் சரி. இனிமே இதுல உன்னை ஏத்த மாட்டேன். கொடுத்துடலாம்."

வாசலில் நின்றிருந்த ஆகட்டும் தலையைத் தூக்கி மகளைப் பார்த்தார். முடிந்தது, நாம் தப்பித்தோம் என்கிற பார்வை. அவளுக்கும் நெஞ்சிலிருந்து ஒரு கல்லை எடுத்த மாதிரிதான் இருந்தது. அண்ணன் நினைத்தது நடந்துவிட்டது. வண்டி போய்விடும், இவர் ஓட்ட மாட்டார், யார் மனசும் நோகாது. அவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. 'சரிப்பா' என்று ஒரு வார்த்தை.

"சரிப்பா" என்றாள்.

"அப்புறம் ஒண்ணு புதுசாவே எடுத்துடலாம்" என்றார் அப்பா. "சின்னதாப் போதும். உன்னைக் கொண்டுவிட, கூட்டிட்டு வர. புதுசுன்னா இந்த மாதிரி தெரியாத கோளாறு இருக்காது பாரு."

வெளியே யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டுகிற சத்தம் நிற்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். நின்றது. அத்தனை நாள் தேடிக்கொண்டிருந்த முதல் வாக்கியம் அப்போதும் கிடைக்கவில்லை. கிடைக்காமலே வாயைத் திறந்தாள்.

"வண்டி இழுக்கலைப்பா."

"என்னது?"

"ஸ்டியரிங் நல்லாத்தான் இருக்கு. பிரேக்கும் நல்லாத்தான் இருந்துது. உங்களுக்கு இடது பக்கம் கண்ணு தெரியலை. அந்த அம்மா நின்னது உங்களுக்குத் தெரியலை. கண் டாக்டர் அன்னிக்கே சொன்னார், ஓட்டக் கூடாதுன்னு. நான் சொல்றேன்னு சொல்லிட்டு வந்தேன். சொல்லலை."

அப்பா முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த டயர்களைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அண்ணனுக்கு?"

"தெரியும்ப்பா."

அவர் வாசல் பக்கம் திரும்பினார். "உனக்கும் தெரியுமாய்யா?"

"கேட்டுக்கிட்டாங்க அண்ணே. ஆகட்டும்னுட்டேன்" என்றார் பட்டறைக்காரர். தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

அப்பா பேசினார். சத்தமில்லாமல், வேலை சொல்லிக்கொடுக்கிறவர் மாதிரி.

"லிஃப்ட்டுல கேபிள் நைஞ்சிருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு, கதவுக்கு எண்ணெய் போடுன்னு ஒருத்தனை அனுப்பினா என்ன ஆகும்?"

அவள் மடியில் கையைக் கோத்துக்கொண்டாள்.

"அவனும் போட்டுட்டே இருப்பான். நல்லாப் போடுவான். ஒருநாள் கேபிள் அறும், அன்னிக்கு ஏறினவன் கீழே வந்து விழுவான்." சற்று நிறுத்தினார். "நான் நொந்துப்பேன்னு பார்த்தீங்க. நேத்து அந்த அம்மா தலையில பட்டிருந்தா?"

"தப்புதான்ப்பா."

"நீ வழியெல்லாம் பேசிட்டு வருவியே. மூட்டை, குடை, நாய்க்குட்டின்னு."

"ஆமாப்பா."

"அதெல்லாம் அதுக்குத்தானா?"

"ஆமாப்பா."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். "உங்க அம்மாகிட்ட சொன்னேன். கிளாஸ் போக ஆரம்பிச்சதிலேருந்து பாப்பா என்கிட்ட நல்லாப் பேசறான்னு."

அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவர் பார்க்காதது போல இருந்தாரா, நிஜமாகவே தெரியவில்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவள் அவருக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"சரி, காட்டு" என்றார்.

"எதைப்பா?"

"நான் அந்த நடு டயரையே பார்க்கறேன். நீ உன் கையை என் காது கிட்டேருந்து மெதுவா முன்னாடி கொண்டுவா. தெரியும்போது சொல்றேன்."

"வேண்டாம்ப்பா. டாக்டர்தான் பார்த்துட்டாரே."

"டாக்டர் பார்த்தாரு. நான் பார்க்கலையே."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வலது கையை அவர் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். விரலில் கடையிலிருந்து கொண்டுவந்த பச்சை ஒட்டியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தினாள். அவர் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். கை அவர் கன்னத்தின் கோட்டைத் தாண்டியது. இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். கண்ணுக்கு நேரே வந்துவிட்ட மாதிரி அவளுக்குத் தோன்றியது, அவர் இமைகூட ஆடவில்லை. அவள் கை நின்றுவிட்டது.

"ஆரம்பி" என்றார் அப்பா.

"கொண்டு வந்துட்டேன்ப்பா."

"நிறுத்தாதே. கொண்டுவா."

இன்னும் நகர்த்தினாள். கிட்டத்தட்ட மூக்குக்கு நேராக வந்தபோது, "இப்போ" என்றார். பிறகு டயரிலிருந்து பார்வையை எடுத்து, தன் முகத்துக்கு முன்னால் இருந்த அந்தக் கையைப் பார்த்தார். அதைப் பிடித்து, பச்சை ஒட்டியிருந்த விரலைத் தன் கட்டைவிரலால் இரண்டு தடவை தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

"இன்னொரு தடவை" என்றார்.

இன்னொரு தடவையும் அதே இடத்தில்தான் 'இப்போ' என்றார். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

இறங்கினார். வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி, ஒரு கையால் அதைத் தொட்டுக்கொண்டே வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார். "நகரு. அந்தப் பக்கம் போ."

"நானா? எனக்குச் சரியா ஓட்ட வராதுப்பா. லைசென்ஸ் வாங்கினதோட சரி."

"தெரியும். அன்னிக்கு உன்னைப் பார்த்துட்டு வந்து அம்மாகிட்ட சொன்னேன், லைசென்ஸ் கொடுத்தவன் கண்ணுலதான் கோளாறுன்னு." அவர் சிரிக்கவில்லை. ஆனால் சொல்லாமலும் இருக்கவில்லை.

அவள் இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, எல்லாக் கண்ணாடிகளையும் திருப்பி வைத்தாள். சாவியைத் திருப்பினாள். முதல் தடவை வண்டி குலுங்கி நின்றது. இரண்டாவது தடவை கிளம்பியது. ஆகட்டும் பட்டறை வாசலில் நின்று எதுவும் சொல்லாமல் கையை மட்டும் உயர்த்தினார்.

தெருமுனை தாண்டும் வரைக்கும் அவள் முதல் கியரிலேயே ஓட்டினாள். பிறகு அவள் கேட்டாள்: "அப்போ இதை என்னப்பா பண்றது? கொடுத்துடலாமா?"

"எதுக்கு? அதுல என்ன கோளாறு?"

"இல்ல, அண்ணன்..."

"அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன். உங்க அம்மாகிட்டயும் பேசணும்." ஜன்னல் பக்கம் தலையை முழுசாகத் திருப்பிக்கொண்டு கடைகளைப் பார்த்தபடி வந்தார். "இதை மாதிரி பார்த்து வச்ச வண்டி இப்போ ஊர்லயே கிடையாது. இருக்கட்டும். நீ ஓட்டிப் பழகு. பழகற வரைக்கும் பஸ்ல போ."

"சரிப்பா."

"வீட்டுக்குப் போகாதே. நேராப் போ. அந்தத் தையல் கடைக்குப் போ."

பகல் வெளிச்சத்தில் அந்தத் தெரு வேறு மாதிரி இருந்தது. அவள் நடைபாதையிலிருந்து ரொம்பத் தள்ளி, கோணலாக வண்டியை நிறுத்தினாள். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்துவிட்டுப் போனான். அப்பா இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கடையின் இரண்டு படிகளையும் பார்த்துப் பார்த்து ஏறினார். அவள் கூடவே போய் வாசலில் நின்றாள்.

சின்னக் கடை. சுவரெல்லாம் தொங்கும் துணிகள். நேற்றுச் சேறான துணிகள் துவைத்து ஒரு கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பெண் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை துணியைத் தள்ளிக்கொண்டிருந்தது, மற்றது மடியில் கிடந்தது. அப்பாவைப் பார்த்ததும் மெஷின் நின்றது.

"வண்டியைப் பார்த்துட்டு வரேன்ம்மா" என்றார் அப்பா.

"சரி பண்ணிட்டீங்களா?"

"வண்டியில ஒண்ணும் இல்லை. நேத்து நான் சொன்னது தப்பு. எனக்கு இடது பக்கம் கண்ணு தெரியலை. நீங்க அங்கேயேதான் நின்னிருக்கீங்க. நான்தான் வந்து இடிச்சிருக்கேன்."

அந்தப் பெண் அவரையும் வாசலில் நின்ற மகளையும் பார்த்தாள். சமாதானம் சொல்லவில்லை. வயசானால் எல்லாருக்கும் அப்படித்தான் என்று சொல்லவில்லை.

"இனிமே ஓட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

வீட்டில் அத்தனை பேர் அத்தனை வாரம் பேசியும் ஒருவரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. அப்பாவின் வாய் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தது.

"மாட்டேன்ம்மா" என்றார். அதைச் சொன்ன குரல் அவர் குரல் மாதிரியே இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு திரும்பவும் சொன்னார். "ஓட்ட மாட்டேன்."

"சரி" என்றாள் அவள்.

"அடிபட்ட இடத்தைக் கொஞ்சம் காட்டறீங்களா? நேத்து நான் சரியாப் பார்க்கலை."

அவள் சற்றுத் தயங்கினாள். பிறகு மடியில் கிடந்த கையைத் தூக்கி மெஷின் மேல் வைத்து, சட்டைக் கையை மேலே ஏற்றினாள். முழங்கையைச் சுற்றி வீங்கி, கருநீலமாகக் கன்றியிருந்தது. அப்பா ஒரு அடி முன்னால் வந்து, முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து, அதை நேருக்கு நேர் பார்த்தார். நேரே இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வெகுநேரம் பார்த்தார்.